இரண்டு பேருக்கான அறை

ஜூன் 4

மருந்துக்கடையில் இன்று விற்றதெல்லாம் சன்ஸ்கிரீன்தான். நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், அப்பா சாப்பாட்டு மேசையில் கிரேக்கத் தீவுகளின் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறார். ஆகஸ்டில் கிமோலோஸ் போகிறாராம். கடற்கரையில் விடுமுறையாம். அப்பாவா! பிரேயுஸ் துறைமுகத்தில் ஆயுள் முழுக்க டிராலி பஸ் ஓட்டியவர் கடலை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்ததோடு சரி. மணல் ஒட்டும் என்று செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்.

"திடீர்னு என்னப்பா?" என்றேன்.

"ஏன், மனுசன் ஒருதரம் லீவுக்குப் போகக் கூடாதா?" என்றார். சிரிக்காமல் சொன்னார். எங்கேயோ இடிக்கிறது.

அது அம்மா பிறந்த தீவு. ஒவ்வொரு கோடையிலும் அம்மா கேட்பாள். "அடுத்த வருஷம் பாப்போம் காலியோப்பி" என்பார் இவர். அவள் இருந்தவரை வராத அடுத்த வருடம் இப்போது மட்டும் எப்படி வந்தது?

ஜூன் 9

கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறார். நான் உள்ளே போனதும் "சரி மருசோ, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். யார் என்று கேட்டால், தீவில் அறை வாடகைக்கு விடுகிற அம்மாளாம். அதற்குக் கதவை ஏன் சாத்த வேண்டும்?

ஜூன் 10

நீச்சல் கால்சட்டை வாங்கியிருக்கிறார்! நீல நிறம்.

ஜூன் 17

அப்பா குளிக்கும்போது அவர் போனிலிருந்து அந்த எண்ணை எடுத்துக்கொண்டேன். மதியம் கடையிலிருந்து கூப்பிட்டேன். மருசோவுக்கு வயது எண்பதாவது இருக்கும், குரலிலேயே தெரிகிறது. நான் சந்தேகப்பட்டவள் இவள் இல்லை.

ஒருவருக்குத்தானே அறை என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேருக்குன்னுல்ல கண்ணு சொன்னாரு? பால்கனி கடலைப் பாத்து இருக்கணும், கூட வர்றவங்களுக்கு அதுதான் புடிக்கும்னாரே" என்றாள்.

கூட வருகிறவள்! பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் தியோனியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இந்த வயதில் அவருக்குத் துணை கிடைத்தால் எனக்கு என்ன நஷ்டமாம். எனக்குப் பொறாமையாம். பொறாமைதான், போ. என் அம்மாவுக்காக நான்தானே பொறாமைப்பட வேண்டும்? அவளால் முடியாதே.

ஜூலை 2

அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். செய்யக் கூடாது, தெரியும்.

துணிகளுக்குப் பின்னால் இரண்டு பாட்டில் இனிப்புச் சிவப்பு ஒயின். மருத்துவர் சொன்னதிலிருந்து ஒரு சொட்டு தொடாதவர். அதற்குப் பக்கத்தில் ஒரு தலையணை உறை, வெள்ளை, ஓரத்தில் லேஸ் வைத்தது, கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இந்த வீட்டில் தலையணை உறைக்கா பஞ்சம்? புதிது யாருக்கு? ஒயின், புதுத் துணி, கடல் பார்த்த பால்கனி. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து மூடினேன்.

ஜூலை 3

கேட்டே விட்டேன். "அம்மா ஒருதரம் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுனா. அவளக் கூட்டிட்டுப் போகல. இப்ப எவளையோ அவ ஊருக்கே கூட்டிட்டுப் போறீங்க. வெக்கமா இல்லையாப்பா?"

அவர் இல்லை என்பதற்குச் செய்வதுபோல் முகவாயை மேலே தூக்கி "த்ச்" என்றார். அவ்வளவுதான். எவளும் இல்லை என்று அர்த்தமா, உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அர்த்தமா? பிறகு தக்காளி நறுக்கப் போய்விட்டார்.

ஜூலை 14

பேச்சுவார்த்தை இல்லை. சாலட் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறார், நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 26

எப்படி எழுதுவது?

அப்பாவைப் பற்றி அம்மாவிடம் புகார் சொல்லத்தான் கல்லறைக்குப் போனேன். விளக்குக்கு எண்ணெய்கூட எடுத்துக்கொண்டு போனேன். அங்கே அம்மா இல்லை. சிலுவை இல்லை, படம் இல்லை. புதிதாகக் கிளறிய மண் மட்டும்.

அம்மாவைப் புதைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. இந்த ஊரில் புதைக்கிற மண்ணும் தவணைக்குத்தான். தவணை முடிந்தால் எலும்பை எடுத்து, ஒயினில் கழுவி, வெள்ளைத் துணியில் போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? அந்த நாளை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே மறந்துபோனேன். ஒயினையும் வெள்ளைத் துணியையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எவளோ ஒருத்தியை நினைத்தேனே!

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "உங்கப்பாதான் செவ்வாக்கிழமை வந்து எடுத்தாரு. ஆளுங்களத் தொட விடல. ஒவ்வொண்ணா அவரே கழுவுனாரு, பேசிக்கிட்டே கழுவுனாரு" என்றாள்.

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அப்பா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். என் செருப்பில் மண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்க அத்தைய எடுத்தப்ப நீ மயங்கி விழுந்தியே அஸ்பசியா. உன்ன எப்படி நிக்க வெப்பேன்?" என்றார்.

"அப்ப அந்த ரெண்டு பேரு?"

"நானும் காலியோப்பியும்தான். அவ ஆளு இல்லையா?"

அவர் மடியில் தலை வைத்து அழுதேன். பீன்ஸ் தோலெல்லாம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு உட்கார்ந்து இரண்டு பேருமாக மீதியை உரித்தோம்.

ஜூலை 27

மருசோவைக் கூப்பிட்டு, நானும் வருகிறேன், இன்னொரு கட்டில் போடுங்கள் என்றேன். "கூட வர்றவங்க யாருன்னு சொல்லவே இல்லையே கண்ணு?" என்றாள். காலியோப்பி, உங்கள் ஊர்ப் பெண்தான் என்றேன்.

ஆகஸ்ட் 12, கிமோலோஸ்

காற்று பலமாக இருந்தும் கப்பல் வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவின் எலும்புப் பெட்டியைப் பால்கனி நாற்காலியில் வைத்தோம். அப்பா அதை இரண்டு முறை திருப்பிச் சரிசெய்தார், தூண் மறைக்கிறதாம்.

கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பாதிரியார் படியேறி வந்தார். நல்ல மனிதர். அம்மாவைப் பெற்றவர்களின் எலும்புகளோடு இன்றைக்கே சேர்த்து வைத்துவிடலாம், பிரார்த்தனையும் முடித்துவிடலாம் என்று சொல்லிப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினார். அப்பா குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கெழம தர்றேன் சாமி. அவ லீவுக்கு வந்திருக்கா."

பாதிரியார் என்னைப் பார்த்தார், பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பது போல. நான் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நாங்களே கொண்டுவருகிறோம் என்றேன்.