பூட்டு ஒண்ணு அனுப்புங்க

புனே, 16.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு, அய்யனார் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா பேச்சைக் கேட்டு ஏணி ஏறாம இருங்க.

ஆபீஸ்ல சின்னச் சங்கதி ஒண்ணு, பயப்பட ஒண்ணுமில்ல. எங்க வெப்சைட்ல பழைய பக்கமெல்லாம் பெர்ல்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதுனது, புதுசெல்லாம் பிஎச்பியில. ரெண்டையும் ஒரே சர்வர்ல ஓட வைக்கிறது என் வேலை. திங்கக்கிழமை ஓட வச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் சர்வரை நிறுத்தி ஆரம்பிச்சா, புதுப் பக்கம் ஒண்ணுகூட ஓடல. பக்கத்து சீட்டு நிகில்தான் கை வச்சிருக்கணும்னு நெனச்சேன். மூணு நாளா அவன் எந்திரிக்காம நானும் எந்திரிக்கல.

கடைசில நான் டீ குடிக்கப் போன செத்த நேரத்துல அவனே கண்டுபிடிச்சிட்டான். எவனாவது கெடுத்துருவான்னு பயந்து, பழைய செட்டிங் பைலை நகலெடுத்து அதே போல்டர்ல வேற பேர்ல, திங்கக்கிழமை கிளம்புறப்போ நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன். சர்வர் அந்த போல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் வாசிக்குமாம். என் நகலைக் கடைசியா வாசிச்சு, புதுசை ரத்து பண்ணிருச்சு.

தப்பு என்னுதுதான். ஆனா என் போல்டருக்குள்ள அவன் எதுக்குப்பா போனான்?

திண்டுக்கல் போனா, என் பெட்டிக்கு நம்ம ஊர்ப் பூட்டு ஒண்ணு வாங்கி அனுப்புங்க. தபால் எடுக்குற நேரமாச்சு, முடிக்கிறேன். பூட்டோட ரெண்டு சாவி தருவாங்க. ஒண்ணை நீங்களே வச்சுக்கங்க. இங்க குடுத்து வைக்க எனக்கு ஆளில்ல.

உங்க மகன்,
அய்யனார்