கராஜில் வின்ஸின் நாற்காலி

மே 9

மழை. காரின் கண்ணாடித் துடைப்பான் மறுபடியும் மக்கர் செய்கிறது. வருஷம் முழுக்க வெளியே நின்றால் எந்தக் கார்தான் நன்றாக இருக்கும்? வீட்டில் கராஜ் இருக்கிறது, காருக்குத்தான் அதில் இடமில்லை. அங்கே வின்ஸின் சாய்வு நாற்காலி, வின்ஸின் ரேடியோ, ஆபீஸிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத பெட்டிகள். மில்லர்ஸ் அணி அவனை வேலையை விட்டு அனுப்பியதிலிருந்து அவனுக்கு உலகமே அதுதான்.

கிளினிக்கில் இன்று என்னிடம் பல் சுத்தம் செய்ய வந்தவர் ஒரு பிளம்பர். வாயைத் திறக்கச் சொன்னால் பேஸ்பால் பேச ஆரம்பித்துவிட்டார். "பாத்தீங்களா, நம்ம டீம் முதலிடத்துல நிக்குது! எல்லாம் புது ஜெனரல் மேனேஜர் டேரியன் ஓக்ஸோட கைராசி. பழைய ஆளு இருந்த வரைக்கும் ஒண்ணும் உருப்படல." அந்தப் பழைய ஆளின் பெண்டாட்டிதான் கையில் கொக்கியோடு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்தியே சுரண்டினேன். கடவுள் மன்னிப்பார்.

ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பதும், வாங்குவதும், மாற்றிக்கொள்வதும்தானே பொது மேலாளரின் வேலை? இன்று களத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் வின்ஸ் பொறுக்கி எடுத்த பையன்கள். பையன்கள் பழுக்க நாளாகும். முதலாளிக்கு அதற்குள் பசி வந்துவிட்டது. பழம் பழுத்தபோது மரத்தடியில் டேரியன் நின்றிருந்தான், அவ்வளவுதான்.

மே 26

மைதானத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். வரமாட்டானாம். கேட்டது என் தப்பு.

ஜூன் 20

உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று வின்ஸிடம் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். யோசிக்கமாட்டான், சொல்லவும் மாட்டான். அவர் கிளம்பியதும் கராஜுக்குப் போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டான்.

கதவருகே நின்று நானும் கேட்டேன். முதல் பேஸில் டோபின் எட்டிப் பந்தைப் பிடித்தான் என்று ரேடியோக்காரர் கூவினார். டோபினை எந்த அணியும் சீண்டவில்லை, புதுப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வின் கடைசிச் சுற்றில் வின்ஸ்தான் எடுத்தான். அதற்கு ஒரு சிரிப்பு வந்திருக்க வேண்டும் இந்த மனுஷன் முகத்தில். வரவில்லை. தான் சமைத்ததை வேறொருவர் பரிமாறுவதைப் பார்க்கிற முகம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பள்ளிக்கூட நாளில் கடைசி பெஞ்சிலிருந்து என் பின்னலை இழுத்தவன் ஒருவன் இருந்தானே, நிறுத்தாமல் பேசுவானே— அவன் எனக்குத் திரும்பக் கிடைப்பானா? அவனுக்கு அறுபத்திரண்டு வயதுதான் ஆகிறது.

ஜூலை 30

கோல்பியை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டான் டேரியன்!

கோல்பி டன். வின்ஸ் முதல் சுற்றில் எடுத்த பையன், பந்தை எறிந்தால் கண்ணுக்கே தெரியாது. ஊருக்கு வந்த புதிதில் வீடு கிடைக்கும் வரை எங்கள் மாடி அறையில்தான் தங்கினான். நான் செய்த பியரோகிக் கொழுக்கட்டையைத் தட்டு தட்டாகத் தின்றான். அவனைக் கொடுத்துவிட்டு யாரை வாங்கியிருக்கிறான் தெரியுமா? மார்க்கஸ் வீல். முப்பத்தாறு வயது, கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து பந்தெறிகிற ஆள்.

வின்ஸ் ரேடியோவை அணைத்தான். "என் கண்ணையே பிடுங்கிட்டான், லொரெய்ன்" என்றான். சாப்பிடவும் இல்லை. பாவிப்பய, ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா? ரேடியோல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா நாங்க?

ஆகஸ்ட் 4

கராஜில் சத்தமே இல்லை. அந்த ரேடியோவை எத்தனை திட்டியிருப்பேன். இப்போது அது பாடாதா என்றிருக்கிறது.

ஆகஸ்ட் 19

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. மூன்று மணிக்கு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது டேரியன் ஓக்ஸ்.

வழக்கமாகப் போகும் டாக்டர் லீவாம். நாற்பதுகூட ஆகாத ஆள், கண்ணுக்குக் கீழே கருவளையம். என் சட்டையில் குத்தியிருந்த குடும்பப் பெயரைப் படித்தார். "மாலெக்கா… நீங்க வின்ஸோட—" என்று இழுத்தார்.

"வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார். ராத்திரியில் பல்லைக் கடிக்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் கருவியை எடுக்கும் நேரமெல்லாம் அவர் பேச, மறுபடி நான் வாயைத் திறக்கச் சொல்ல, இப்படியே கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் நானே கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கோல்பி விஷயத்துல அவருக்கு ரொம்பக் கோபமா, மேடம்?"

"சாப்பிடல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோல்பி மாதிரி மூணு பசங்கள அவர் வச்சுட்டுப் போயிருக்காரு. ஒருத்தன் மட்டும்தான்னா நான் தொட்டிருக்கவே மாட்டேன். மூணு பேர் இருந்ததாலதான் ஒருத்தனக் குடுத்து வீலை வாங்க முடிஞ்சுது. அவரு நிரப்பி வச்ச பானைல நான் ஒரு கரண்டி மோந்தேன். ஆனா பேப்பர்ல எல்லாம் என் பேருதான் வருது. படிக்க எனக்கே கூச்சமா இருக்கு."

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எத்தனையோ தடவை போனை எடுத்தேன், மேடம். எங்க தொழில்ல வந்தவன் போனவனுக்குப் போன் பண்ற வழக்கமே கிடையாது. அவரு நாற்காலியில உக்காந்துகிட்டு அவர்கிட்டயே என்ன பேசுறது?"

அவர் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நல்ல பிரஷ் ஒன்று இலவசமாகக் கொடுத்தனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் வின்ஸிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "நீ கஸ்ஸுக்குப் பண்ணினியா?"

கஸ் லாரிமர் வின்ஸுக்கு முன்னால் பொது மேலாளராக இருந்தவர். அவரை அனுப்பிவிட்டுத்தான் இவனைக் கொண்டு வந்தார்கள். மில்லர்ஸின் தூண் மாதிரி நிற்கும் ரஃபியெல் செடெனோவை, டொமினிக்கன் நாட்டில் செருப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையனாக, கூட்டி வந்தவர் கஸ்தான். அன்று ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. பிறகு செடெனோ அடிக்க ஆரம்பித்தபோது நாற்காலியில் இருந்தது வின்ஸ். பாராட்டெல்லாம் வின்ஸுக்கு வந்தது. நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டி போட்டோவுக்கு நின்றேன்.

"அது வேற" என்றான்.

"எப்படி வேற?"

கராஜுக்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 20

காலையில் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "கஸ் உயிரோடதான் இருக்காரா?"

ஆகஸ்ட் 27

இருக்கிறார். எரீ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், எண்பத்து நான்கு வயதில், கண் பார்வை போய், வாய் மட்டும் போகாமல்.

வின்ஸ் என் கார்ச் சாவியை எடுத்தபோது கடைக்குப் போகிறான் என்று நினைத்தேன். "நீயும் வா, தனியாப் போக முடியாது" என்றான். ஏரியை ஒட்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டினான்.

கஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வின்ஸ் பெயரைச் சொன்னதும், "ரொம்ப சீக்கிரமா வந்துட்டியே மாலெக், நான் இன்னும் சாகவே இல்லையே" என்றார்.

வின்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றான். "செடெனோவுக்கு நன்றி சொல்ல வந்தேன், கஸ். உங்க பையன வச்சு நான் பேர் வாங்கினேன். ஒரு தடவகூட உங்க பேரைச் சொல்லல."

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் மட்டும் என்ன ஒழுங்கா? எனக்கு முன்னால இருந்தவன் நான் சேந்த மாசமே போய்ச் சேந்துட்டான். போன் காசு மிச்சம்னு விட்டுட்டேன்" என்றார். வின்ஸ் சிரித்தான். உண்மையாகவே, தோள் குலுங்கச் சிரித்தான். நான் நடைக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். தெரியாத ஒரு நர்ஸ் டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது கஸ் கேட்டார்: "இன்னைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு? இந்த இடத்துல ஒரு ரேடியோவும் ஒழுங்கா எடுக்க மாட்டேங்குது."

செப்டம்பர் 3

கராஜ் ரேடியோ எரீக்குப் போய்விட்டது. பின்சீட்டில், என் குளிர்கோட்டால் சுற்றி.

செப்டம்பர் 17

இப்போது வியாழக்கிழமை என்றால் எரீதான். நான் விடுப்பு கிடைத்தால் போகிறேன். இருவரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். "டோபினக் கடைசிச் சுற்று வரைக்கும் விட்டு வச்சியே, எவனாவது கொத்திட்டுப் போயிருந்தா?" என்று கஸ் கேட்க, "உங்கள மாதிரி எல்லாருக்கும் கண்ணு தெரியலையே" என்றான் இவன். பார்வையில்லாத மனிதரிடம் சொல்கிற பேச்சா? கஸ்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பி வரும்போது வின்ஸ் சாலையைப் பார்த்தபடி, "வீல் நல்லாத்தான் எறியறான்" என்றான். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். ஏதாவது சொல்லப் போய் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவானோ என்று பயம்.

அக்டோபர் 29

ஜெயித்துவிட்டோம். மில்லர்ஸ் இறுதித் தொடரை ஜெயித்துவிட்டது. இதை எழுதிவிட வேண்டும்.

நேற்று கஸ்ஸின் அறையில்தான் கேட்டோம். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை, இன்னும் ஒருவனை அவுட் ஆக்கினால் போதும். வீல் எறிந்தான். எதிராளி தரையோடு அடித்தான். செடெனோ பாய்ந்து பந்தை எடுத்து முதல் பேஸுக்கு வீசினான். அடித்தவன் அங்கே ஓடி வருமுன் டோபின் எட்டிப் பிடித்தான். அவுட். அதற்கப்புறம் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான்.

நான் கத்தினேன். இவர்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தான் முதலில் பேசினார்: "எறிஞ்சது டேரியன் ஆளு. எடுத்தது என் ஆளு. பிடிச்சது உன் ஆளு."

வின்ஸ் என் போனைக் கேட்டான். டேரியன் எண் கிளினிக் பதிவுச் சீட்டில் பார்த்ததிலிருந்து எனக்கு மனப்பாடம், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்தக் களேபரத்தில் எங்கே எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வின்ஸ் மாலெக் பேசறேன்" என்றான். "கோல்பியைக் குடுத்தது சரிதான். நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன். அதனாலதான் நான் ஜெயிக்கல. நன்றி, தம்பி."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வின்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, இங்க ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டதான் எல்லாம் ஆரம்பிச்சுது" என்று போனைக் கஸ்ஸின் காதில் வைத்தான்.

நவம்பர் 2

ஊர்வலம். கஸ்ஸைச் சக்கர நாற்காலியில் வைத்து, போர்வை சுற்றி, நகர மண்டபத்து வாசலில் கூட்டத்தோடு நின்றோம். டேரியன் மைக்கைப் பிடித்து, "இந்த அணியை மூணு பேர் கட்டினாங்க, நான் மூணாவது ஆளு" என்று இரண்டு பெயரையும் சொன்னார். மாலெக்கை மாலிக் என்றார். போகட்டும், நாளாவட்டத்தில் கற்றுக்கொள்வார்.

முன்னால் நின்றவர் திரும்பி வின்ஸைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். அந்தப் பிளம்பர்! முகம் சிவந்து தொப்பியைக் கழற்றினார். "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நவம்பர் 26

நன்றித் திருநாள். மேசையில் கஸ்ஸும் இருந்தார். வழக்கம்போல ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொன்னோம். கஸ் வான்கோழிக்கு என்றார். வின்ஸ் யோசித்து, "பள்ளிக்கூடத்துல அந்தப் பயிற்சி வேலைய இன்னும் யாருக்கும் குடுக்கலையாம், அதுக்கு" என்றான். என் முறை வந்தபோது உருளைக்கிழங்கை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்.

சாப்பிட்டதும் வின்ஸ் கராஜைத் திறந்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சாய்வு நாற்காலியைத் தெரிந்தவர் ஒருவரின் வேனில் ஏற்றி எரீக்கு அனுப்பிவிட்டான். இல்லத்து நாற்காலி கஸ்ஸின் முதுகைக் குத்துகிறதாம்.

டிசம்பர் 3

ராத்திரி முழுக்க ஏரிப் பனி கொட்டியிருக்கிறது. காலையில் பூட்ஸ் மாட்டி, கையுறை போட்டு, பனி சுரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருவில் எல்லாக் கார்களும் வெள்ளை மேடாகக் கிடந்தன. என்னுடையதைத் தேடினேன், இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. கராஜுக்குள் காய்ந்து நின்றுகொண்டிருந்தது.