நிழலுக்கு ஓடாத குஞ்சுகள்

மார்ச் 3, செவ்வாய்
மீன் பண்ணையில் மூன்றாம் தொட்டிமேல் என் நிழல் விழுந்தது. குஞ்சுகள் ஓடவில்லை. மற்றத் தொட்டிகளில் கை நீட்டினாலே சிதறும். இவை அப்படியே நின்றன. காலை பத்து மணிக்கு மீன் தூங்குமா என்ன?

மார்ச் 4
எல்லாம் செத்து மிதந்தன. முதலாளி என்னைத்தான் பார்த்தார். "தீனிய அள்ளிக் கொட்டியிருப்பே. எட்டாவதோட நின்னவள நம்பினேன் பாரு. திங்கட்கிழமை புதுக் குஞ்சு வருது. அதுவும் செத்தா நீ வீட்டோட இருந்துக்க."
செத்தவற்றை வலையில் அள்ளினேன். ஆனால் நான் அளந்துதான் போட்டேன். அது எனக்குத் தெரியும். கிணற்றுக் குழாய் எட்டாததால் மூன்றாம் தொட்டிக்கு மட்டும் வாய்க்கால் தண்ணீர். அதுவும் தெரியும்.

மார்ச் 5
இரண்டு வாளி. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் வாய்க்கால் தண்ணீர். அடுத்த தொட்டியிலிருந்து பத்துப் பத்துக் குஞ்சுகள். தீனி கிடையாது.

மார்ச் 6
இரண்டிலும் பத்தும் துள்ளுகின்றன. சே.
இல்லை, நான் நினைத்தது தப்பில்லை. நாள்தான் தப்பு. குஞ்சுகள் அசையாமல் நின்றதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, வாய்க்காலில் என்ன நடந்தது?
அன்று அண்ணன் வாய்க்காலோர மேட்டு வயலில் கூலிக்குப் பூச்சிமருந்து அடித்தான். மருந்து டேங்க்கைப் பளிச்சென்று கழுவிக்கொண்டு வந்தான்.

மார்ச் 7
"டேங்க்க எங்கண்ணா கழுவுவே?"
"வாய்க்கால்லதான். பின்ன, உன் தலைமேலயா? ஊமைக்கோட்டானுக்கு இன்னிக்கு வாய் வந்திருக்கு!"
"குஞ்சு சாவுதுண்ணா."
"அட, ஒரு சொட்டு மருந்து. தண்ணியோட ஓடிப்போயிடும்."
"எங்க ஓடும்?"
இன்று கழுவிய தண்ணீரில் ஒரு கரண்டி வாங்கி வாய்க்கால் வாளியில் ஊற்றினேன். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு குஞ்சு வட்டமடித்தது. வட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தது. ஏன் ஊற்றினேன்? ஊற்றாமல் யார் நம்புவார்கள்?
மூன்றாவது சாய்ந்ததும் அண்ணன், "போதும் புள்ள. முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் எவனும் என்னை மருந்தடிக்கக் கூப்பிட மாட்டான்" என்றான்.
"சொல்லத்தான் போறேன். நீயும் வா."

மார்ச் 8
அண்ணன் சாப்பிடாமல் வெளியே போய்விட்டான். செத்த குஞ்சுகளை வாளியிலேயே விட்டுவைத்தேன்.

மார்ச் 9, திங்கள்
இரண்டு வாளிகளையும் முதலாளியின் மேசைமேல் வைத்தேன். "தீனி இல்ல முதலாளி. மருந்து." இவ்வளவு சத்தமாகவா பேசினேன்?
"யாரு கழுவினது?"
வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம். "நான்தான். இனிமே அடிச்ச வயல்லயே கழுவி ஊத்திடறேன்."
முதலாளி செத்த குஞ்சுகள் மிதந்த வாளியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு கொட்டகைச் சாவியை என் பக்கம் தள்ளினார். "உள்ள பழைய குழாய் ஒண்ணு கிடக்கு."
எடுத்துவந்து கிணற்றுக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். மூன்றாம் தொட்டி வரை எட்டியது. புதுக் குஞ்சுகள் வருமுன் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.