தொட்டு எழுப்பவும்

மார்ச் 4, பிற்பகல்

மதிப்பிற்குரிய லிஃப்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். குறட்டை விடுவதற்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. போனில் பேசலாமே என்று கேட்காதீர்கள். போனில் நீங்கள் "ம்" என்கிறீர்கள், நானும் "ம்" என்கிறேன், அதற்கு எதற்குப் போன்? எழுதினால் இரண்டு பேருக்கும் வாய் திறக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலும் நாம் அப்படித்தானே இருந்தோம்.

அக்கா மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சலவைக் கடை. இயந்திரங்கள் உருளும் அதிர்வு சுவர் ஏறி, தரை ஏறி, கட்டில் வரைக்கும் வருகிறது. வெந்த துணியின் வாசனையும் கூடவே வருகிறது. மதியம் கண்ணை மூடினால் யாரோ அறையை மெல்லத் தள்ளிக்கொண்டு போவது போல இருக்கிறது. எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றுவதில்லை. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ஆனால் அது இங்கேயும் வந்துவிட்டது. இடம் மாறினால் போய்விடும் என்று நீங்கள் சொன்னீர்கள், பாவம், அதற்கு என் முகவரி தெரிந்திருக்கிறது. கண் சொருகுகிற நேரத்தில் அதே பள்ளம். கடைசிப் படி இல்லாத மாடிப்படியில் இறங்குகிற மாதிரி தடாலென்று கால் உதறி, நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து உட்காருகிறேன். நேற்று தலைக்குள் சத்தமும் கேட்டது. ரொட்டித் தட்டுகள் அடுக்கோடு தரையில் சரிந்த மாதிரி. கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். "ஒரு சத்தமும் இல்லையேடி" என்கிறாள். எழும்போது வருவது வேறு ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் சொன்னதே இல்லை.

அத்தானுக்குத் தெரிந்த பேக்கரியில் லீவில் போன ஆளுக்குப் பதிலாக மாவு பிசையப் போகிறேன். விடியும் முன்னே போனால் மதியம் வீடு, அங்கே இருந்த மாதிரியேதான். முதலாளி என் கைவேலையைப் பார்த்துவிட்டு, நிரந்தரமாகவே இருந்துவிடும்மா, மாதக் கடைசிக்குள் சொல்லு என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று எனக்கே பிடிபடவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முட்டையையே கட்டிக்கொண்டு அழாதீர்கள்.

உங்கள்
ரொட்டிக்காரி

*

மார்ச் 9

அன்புள்ள ரொட்டிக்காரிக்கு,

முட்டையை இப்போது மூன்று விதமாகக் கெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீ வந்தால் காட்டுகிறேன்.

இந்த வாரம் ஒரு வேடிக்கை. துணிக்கடைக் கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பெரியவர் மட்டும் மாட்டிக்கொண்டார். என்ன பாடு படுகிறாரோ என்று அடித்துப் பிடித்துக் கதவைத் திறந்தால், மனுஷர் மூலையில் சாய்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்குகிறார். எனக்கு எழுப்ப மனசே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடை மேனேஜர் வந்து என்னைத் திட்டிய சத்தத்தில்தான் அவர் விழித்தார்.

உன் பள்ளத்தைப் பற்றி யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம். லிஃப்ட் கொஞ்சம் வேகம் மீறி இறங்கினாலே அடியில் இருக்கும் பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களைத் தூக்கிப் போடும். விழுந்துவிட்டோம் என்று அலறுவார்கள். உண்மையில் விழவில்லை, பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் அந்தக் குலுக்கல். உன் உடம்பும் உன்னை அப்படிப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளேன். நான் படிக்காத டாக்டர், ஃபீஸ் வேண்டாம்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா தினமும் கேட்கிறார். "என்னப்பா, வீடு வெறிச்சுனு கிடக்கு?" அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்கிறேன். முந்தாநாள் உன் பக்கம் படுத்துப் பார்த்தேன். உனக்குக் கேட்கிற சத்தம் எனக்கும் கேட்கிறதா என்று. ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நம் அறையே வேறு யாருடையதோ போல இருக்கிறது.

எப்போது வருகிறாய்? நேராகவே கேட்கிறேன். நிரந்தரம், மாதக் கடைசி என்றெல்லாம் யாரோ ஒரு முதலாளி பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏதாவது செய்துவிட்டேனா? குறட்டைதான் காரணம் என்றால் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது என்றால் வாயைத் திறந்து சொல்.

உன்
லிஃப்டுக்காரன்

*

மார்ச் 15, விழித்த கையோடு

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், கை இன்னும் முழுக்க என்னிடம் வந்து சேரவில்லை. உங்களிடம் சொன்னதே இல்லை என்றேனே, அது இப்போதுதான் வந்துவிட்டுப் போனது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

முதலில் அழகாகத்தான் இருந்தது. நம் தெருவில் நடக்கிறேன், ஆனால் தெரு முழுக்க மாவு. நீங்கள் எங்கேயோ மேலே இருந்து லிஃப்டை இறக்குகிறீர்கள், அது சத்தமே இல்லாமல் மாவுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. அப்புறம் விழித்துவிட்டேன். சலவைக் கடைப் பெண் பாடுவது கேட்கிறது. திரை அசைவது தெரிகிறது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நினைக்கிறேன், உடம்பு வரமாட்டேன் என்கிறது. விரலை அசை என்கிறேன், விரல் வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது. நெஞ்சில் மாவு மூட்டையைத் தூக்கி வைத்தாற்போல ஒரு கனம். அலமாரிக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. கூப்பிடுகிறேன், வாய் திறக்கவில்லை. இது சும்மா பயம் இல்லை. நான் செத்துவிட்டேன், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்கிற மாதிரி பயம். அப்புறம் எங்கேயோ ஒரு கதவு சாத்தியது, சட்டென்று விட்டுவிட்டது. தொண்டை வறண்டு, வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா என்னைக் கையோடு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கே தூக்கம் போதாத கண். எல்லாவற்றையும் கேட்டார். பள்ளம், சத்தம், கட்டிப்போட்ட மாதிரி கிடப்பது, எல்லாம் நிறையப் பேருக்கு வருவதுதானாம், உயிருக்கு ஒன்றும் ஆகாதாம். கண்ட நேரத்தில் தூங்கி எழுகிறவர்களுக்கும் மனசில் கவலை உள்ளவர்களுக்கும் அதிகம் வருமாம். "உடம்பும் மனசும் ஒண்ணா எழுந்திருக்கணும்மா. உங்களுக்கு மனசு முன்னாடி எழுந்துடுது, உடம்பு இன்னும் போர்வைக்குள்ளயே கிடக்கு" என்றார். நான் சிரித்தேன். பிறகு, "பக்கத்துல யாராவது இருந்தா லேசா தொடச் சொல்லுங்க. தொட்டா விட்டுடும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா மேசை மேலிருந்த தண்ணீரை நகர்த்தி வைத்தார். அக்கா ஏன் ஏன் என்று வழி முழுக்கத் துளைத்தாள். நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கும் இன்றைக்குப் பதில் எழுத வரவில்லை. கீழே இயந்திரம் மறுபடி உருள ஆரம்பித்துவிட்டது. கண் சொருகுகிறது, பயமாகவும் இருக்கிறது.

ரொட்டிக்காரி

*

மார்ச் 19

என் ரொட்டிக்காரிக்கு,

தொட்டால் போதுமா! இவ்வளவுதானா! இதற்கா பெண்ணே இத்தனை நாள் தனியாகக் கிடந்து அல்லாடினாய்? தொடுவதற்கென்றே ஒருத்தன் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறானே. சொல்லியிருந்தால் லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

வேலையில் சொல்லிவிட்டேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. அந்த முதலாளியிடம் நல்லபடியாகச் சொல்லிவிடு. அக்காவிடம் சாப்பாடு எல்லாம் வேண்டாம் என்று சொல், சொன்னாலும் சமைப்பாள், இருந்தாலும் சொல்.

உன்
லிஃப்டுக்காரன்

*

மார்ச் 22

வராதீர்கள்.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல் என்றீர்களே, சொல்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். அந்தக் கட்டிப்போட்ட நிலை எனக்கு முதல் தடவை வந்தது அன்றைக்குத்தான். என்ன ஏது என்று தெரியவில்லை, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். அப்போது வாசலில் சாவி திரும்பியது. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற நேரம். அப்பாடா, வந்துவிட்டார், இனி பயமில்லை என்று நினைத்தேன்.

அறை வாசலில் வந்து நின்றீர்கள். என் கண்ணைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கண்ணைப் பார்த்தேன். எனக்குள்ளே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையில் பொத்திக்கொண்டீர்கள். திரையை இழுத்துவிட்டீர்கள். கதவைப் பூனை மாதிரி சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள். இருட்டான அறையில் நான் கிடந்தேன்.

சாயங்காலம் வந்து, சிரித்த முகத்தோடு "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டீர்கள். கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? தினமும் பயந்து எழுகிறவளோடு மல்லுக்கட்டி இவருக்கு அலுத்துவிட்டது, பார்த்தும் பார்க்காத மாதிரி நழுவிவிட்டார் என்று தோன்றியது. உங்களைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் அக்கா வீடு.

தொட்டால் போதுமாம். கட்டிலுக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம்?

வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரரிடம் சரி என்று சொல்லப்போகிறேன்.

*

மார்ச் 25

ரொட்டிக்காரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. இதை நானே எடுத்துப்போய் இன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நீ கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்குவாய். என்றைக்குமே அப்படித்தான். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அல்லது தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன், எது என்று இப்போது எனக்கே விளங்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மதியம் உன்னைப் பார்த்துப் பயந்தே போனேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். சொன்னால் கூச்சப்படுவாய், அப்புறம் நான் இருக்கும்போது தூங்கவே மாட்டாய் என்று வாயை மூடிக்கொண்டேன். நம்பவில்லை என்றால் அக்காவைக் கேள்.

எங்கள் அப்பா இரவுக் காவலாளி என்று உனக்குத் தெரியும். பகலில் அவர் தூங்குகிற வீட்டில் நாங்கள் ஸ்பூன் கீழே போட்டாலும் முதுகு பழுத்துவிடும். ஜாடையிலேயே பேசி வளர்ந்த ஆள் நான். ஒரு மனுஷருக்குச் செய்கிற பெரிய உபகாரம் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது என்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல நாளாகத் தூங்காமல் கிடந்தவள் ஒருவழியாகத் தூங்கிவிட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாய் என்று சாப்பிடவில்லை. வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். தையல்காரம்மா ஏதோ கேட்க மேலே வந்தார். "அவ தூங்குறா, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். வேலைக்கு நேரமாகும்வரை அங்கேயேதான் இருந்தேன். நீ உள்ளே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் வெளியே, உன்னை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று காவல் இருந்தேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்து, தூங்குகிறாயா கத்துகிறாயா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. இனிமேலும் தெரியாது. அந்த இரண்டுக்கும் உன் முகம் ஒன்றுதான். இப்படிப்பட்டவனோடு இருக்க உனக்குப் பயமாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குக் கோபமில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய். கோபம் வரும், அழுகையும் வரும். வந்துவிடு.

நான்

*

வெள்ளி, மதியம்
நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை

லிஃப்டுக்காரருக்கு,

அக்காவைக் கேட்டேன். "அடிப்பாவி, உனக்கே தெரியாதா? சின்ன வயசுல நானும் அம்மாவும் உன் கண்ணை மூடி மூடி விடுவோம், அது பாட்டுக்குத் திறந்துக்கும்" என்றாள். இத்தனை வருஷமாக என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சிரிப்பதா, உங்கள் எல்லாரையும் நிற்க வைத்துத் திட்டுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் பாதி வழி சிரித்தேன், மீதி வழி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

பேக்கரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நான் உள்ளே படுத்திருக்கிறேன், கண் திறந்துதான் இருக்கும். வாசலில் நின்று தூங்குகிறேனா மாட்டிக்கொண்டு கிடக்கிறேனா என்று யோசிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் சொல்ல வராது. சாவிக்கொத்து எவ்வளவு வேண்டுமானாலும் குலுங்கட்டும். நேராக வந்து தோளில் கையை வையுங்கள்.

நல்ல தூக்கத்தில் இருந்தேன் என்றால் கண்டபடி திட்டுவேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரொட்டிக்காரி