லாந்தர் பிடித்தவளுக்கும் தெரியாத சுவிட்ச்

றைஹானாவின் வாப்பாவுக்கு,

இன்று விடியற்காலை உங்கள் உம்மாவுக்கு வாயும் ஒரு கையும் இழுத்துக்கொண்டன. பேச்சில்லை. உங்கள் தம்பி ஜுனைத் ஓடிவந்து காரை எடுக்கப் பார்த்தார். காரின் முன்பக்க ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை தோலுரிந்ததுதான் மிச்சம். கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

"நான் எடுத்துட்டுப் போவேனெண்டுதானே கூடப்பொறந்த காக்கா ஒளிச்சு சுவிட்ச் வெச்சிரிக்கார்? எங்க மதினி அது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது என்றேன். ஒரு தரம் கேளாமல் காரைக் கலஹாவுக்குக் கொண்டுபோனதற்கு அவரைக் கள்ளன் என்றீர்கள். அந்தச் சுவிட்சுக்குக் கம்பி கட்டிய அன்று என்னை லாந்தர் பிடிக்கச் சொன்னீர்கள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பவும் சொன்னீர்கள். நானும் திருப்பிக்கொண்டேன்.

சீட்டுகளைக் கழற்றிப் போட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. மாடு பூட்டிய கரத்தையில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

றைஹானா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். கார்ச் சாவி ஆணியில்தான் தொங்குகிறது. பயப்படாதீர்கள், காரை யாரும் கொண்டுபோகவில்லை.

சுலைஹா

கொழும்பிலிருந்து வந்ததும் தாமதிக்காமல் காரிலேயே வாருங்கள். எப்படியானாலும் உம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர அது வேண்டும்.