நனைந்து வந்த கடவுள்

செவிலிமேடு
6-7-1979

அன்புள்ள குழலி அப்பாவுக்கு,

வடிவு எழுதுகிறேன். என் பள்ளிக்கூட வேலை வழக்கம்போல் நடக்கிறது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியிருக்கிறார். போனமுறை எனக்கு நான்கு வயது. அப்பா தோளிலிருந்து பார்த்தேனாம். டவுன் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

பக்கத்து வீட்டு மேரி நீங்கள் வசனம் எழுதிய படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "குளத்துலேர்ந்து சாமி எழுந்து வருதுக்கா. யாருமே நம்பல. ரேஷன் கார்டு இருக்குதான்னு கேக்குறாங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் குழலி காய்ச்சலில் போன அன்று வரதர் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கிணற்றில் போட்டீர்கள். மறுவாரம் சென்னைக்குப் போய்விட்டீர்கள். ஆறு வருஷமாக அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறேன். அதையுமா வேடிக்கையாக்க வேண்டும்?

வடிவு

கோடம்பாக்கம்
10-7-1979

அன்புள்ள வடிவு,

முதல் வரியில் என்னை அப்படி அழைக்காதே என்று எத்தனை முறை எழுதுவது? அந்தப் பெயருக்கு உரியவள் போய்விட்டாள்.

சாமி இல்லையென்று காட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். நகைச்சுவையில் ஒரு சங்கடம். இல்லாத ஆளைக் கேலி செய்ய முடியாது. முதல் காட்சியிலேயே வரவழைக்க வேண்டியதாயிற்று. வந்தவர் போகமாட்டேன் என்கிறார்.

ஒரு பேரம். படத்தைப் பார். அப்புறமும் கோபமிருந்தால் சொல், இனி கடிதம் போட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். கோபமில்லையென்றால் உன் வரதரை நான் வந்து பார்க்கிறேன்.

காசிநாதன்

செவிலிமேடு
20-7-1979

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கேட்டபடி பழைய பெயரை எழுதவில்லை. உங்கள் பெயரை எழுதவோ கை வரவில்லை.

மேரியோடு போய்ப் பார்த்தேன். ஈரம் சொட்டச் சொட்டச் சாமி ஊரெல்லாம் அலைகிறார். ஒருவன் லாட்டரி நம்பர் கேட்கிறான். வக்கீல் அத்தாட்சி கேட்கிறார். நானும் சிரித்தேன். கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "நான்தான் கடவுள். நம்புறியா?" என்கிறார். கதவைத் திறந்தவள் உள்ளே போய்த் துண்டு எடுத்து வருகிறாள்.

"மொதல்ல தலைய தொவட்டுபா. சொட்டச் சொட்ட நின்னுக்கினு இன்னா பேச்சு? நீ இருக்கிறியா இல்லியான்னு அப்பால பாக்கலாம்."

கொட்டகையே அதிர்ந்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "இன்னாக்கா, சிரிக்கிறியா அழுவுறியா?" என்றாள் மேரி. மழையில் நனைந்து வந்து வாசற்படியிலேயே நாத்திகம் பேசுவீர்களே, அப்போதெல்லாம் நான் சொன்னது அது. நான் 'துவட்டுங்க' என்பேன். உங்கள் படத்துப் பெண் சாமிக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

கோபமில்லை. ஆனால் கிணற்றில் இருப்பவரை நான் எடுக்கமாட்டேன். போட்டவர்தான் எடுக்க வேண்டும்.

வடிவு

கோடம்பாக்கம்
24-7-1979

வடிவு,

சனிக்கிழமை வருகிறேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று மேரியிடம் சொல்லிவைக்காதே. பேரத்தில் தோற்றதால் வருகிறேன்.

கிணற்றில் துழாவ யாரிடமாவது பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வை. படம் கரைந்திருக்கும், சட்டமாவது மாட்டுகிறதா பார்ப்போம்.

சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. குடை எடுத்து வரமாட்டேன்.

குழலி அப்பா