பாதி டேங்கில் ஒரு மூடி

நவம்பர் 8, வெள்ளி

தம்பி ரெமிஜியஸின் சம்பா நடவு மஞ்சளடித்துவிட்டது. களைக்கொல்லி தெளித்த கூலியாள் செம்மொழி, மருந்தை அதிகம் கலந்துவிட்டானாம். அவனுடைய சொந்த ஸ்பிரேயரைப் பிடுங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டான் தம்பி. "இவன எவனும் மருந்தடிக்கக் கூப்பிடாதீங்க" என்று கடைத்தெருவில் கத்தினான். பக்கத்தில்தான் நின்றேன்.

நவம்பர் 9

செம்மொழியிடம் விசாரித்தேன். "குத்தாலம் கடையில டேங்குக்கு மருந்து பாட்டில் மூடியால ஒரு மூடின்னாங்க சார். பாதி தீந்ததுமே, 'வாய்க்கால் கிட்டதான இருக்கு, நிரப்பிக்க'ன்னாரு உங்க தம்பி. நிரப்புறப்பல்லாம் அவரே ஒரு மூடி ஊத்துனாரு."

பாதி டேங்கில் பழைய மருந்து அரை மூடி இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் செறிவு பாதியாகும். அதைச் சரிக்கட்ட அரை மூடி போதும். தம்பி முழு மூடி ஊற்றியிருக்கிறான் — ஒன்றரை. அடுத்த முறை ஒன்றேமுக்கால். அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு.

நவம்பர் 10, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் தம்பி பக்கத்திலேயே இருந்தான். கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். நான் கல்லூரியில் வருடக்கணக்காக நீர்த்தல் கணக்கு நடத்தியவன். தப்பு வருமா? எனக்கு வரும்.

நவம்பர் 11

வயலைப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் டேங்க் அடித்த மேற்குப் பக்கம் பச்சை. கிழக்கே போகப் போக மஞ்சள் ஏறுகிறது. செம்மொழி முதலிலேயே அதிகம் கலந்திருந்தால் மேற்கும் மஞ்சளடித்திருக்கும். கணக்கு சரி.

நவம்பர் 12

தம்பியிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

"தெரியும்ண்ணே. மஞ்சளடிச்ச அன்னிக்கே தெரியும். அதுக்காக நான்தான் ஊத்துனேன்னு ஊர்ல சொல்லவா? நீங்க போயி கரும்பலகையில எழுதுங்க."

தெரியுமாம். தெரிஞ்சே செம்மொழி பொழப்புல கை வச்சிருக்கான். இவன்கிட்ட போயி நான் ரெண்டு நாளா கணக்கு சரியா, கணக்கு சரியான்னு — சீ.

நவம்பர் 13

தம்பி வீட்டு வாசலிலிருந்து ஸ்பிரேயரை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். "அண்ணே, கீழ வைங்க" என்றான். வைக்கவில்லை. கடைத்தெரு வழியாகத்தான் போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த இராஜாங்கம், "என்ன சார், நீங்களே மருந்தடிக்கக் கெளம்பிட்டீங்களா?" என்றார். நின்று, மூடி ஊற்றியது யார் என்று எல்லோருக்கும் சொன்னேன். அங்கிருந்து செம்மொழி வீட்டுக்குப் போய் ஸ்பிரேயரைக் கொடுத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பூசையில் தம்பி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். "நீங்களே போயிப் பேசிடுங்க" என்றாள் என் மனைவி பாத்திமா மேரி. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில், இராஜாங்கத்தின் வயலில் செம்மொழி மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.